நகைச்சுவைத் தொடரில் ஒருவர் இல்லாமற் போனால்: பிரதி எழுதுவோருக்கு ஒரு வழிகாட்டி

நகைச்சுவைத் தொடர் ஒன்று ஆண்டுக்கணக்கில் ஓடினால், என்றோ ஒரு நாள் அது தன் பாத்திரங்களில் ஒருவரை இழந்தே தீரும். நடிகர் காலமாகிவிடலாம், கொழும்பில் அதைவிட அடிக்கடி நடப்பது போல, குடும்பத்தோடு கனடாவுக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ புறப்பட்டுவிடலாம், சம்பளப் பிணக்கில் விலகலாம், உடல்நிலை இடங்கொடாமல் ஒதுங்கிக்கொள்ளலாம். அவரைக் கதையிலிருந்து எப்படி அனுப்பிவைப்பது என்றுதான் அப்போது எல்லோரும் பிரதியாளரைக் கேட்பார்கள். அவர் போன பின்னர் மீதமிருப்பவர்கள் தமக்குள் எப்படிப் பேசிக்கொள்ளப் போகிறார்கள் என்பதை அதற்கு முன்னரே பிரதியாளர் தீர்மானித்திருக்க வேண்டும். கண்ணீர் வரவழைக்கும் ஓர் அங்கத்தை ஓரளவு கைப்பழக்கம் உள்ள எவரும் எழுதிவிடுவார். பார்வையாளரை மீண்டும் கூச்சமின்றிச் சிரிக்கவைக்கும் அடுத்த வாரத்து அங்கம்தான் தொடர் பிழைக்குமா இல்லையா என்பதைக் காட்டும்.

வானொலிக்கோ தொலைக்காட்சிக்கோ யூடியூபுக்கோ எழுதுபவராயினும், முதலில் செய்ய வேண்டியவை ஏறக்குறைய ஒன்றேதான்.

எழுதுவதற்கு முன்

நடிகர் இறந்துவிட்டார் என்றால், பிரதியாளருக்கு அந்த வாரம் வேலை இல்லை. குடும்பத்தோடு பேச வேண்டியவர் தயாரிப்பாளர். அதுவும் நேரில் போய்ப் பேச வேண்டும். மலர்ச்சாலையில் உடல் வைக்கப்பட்டிருக்கும்போதே, அடுத்த அங்கத்தில் அவருடைய படத்தைக் காட்டலாமா என்று மகனை ஓரமாக அழைத்துக் கேட்பது அநாகரிகம். ஏற்கெனவே பதிவாகி ஒளிபரப்பாகாத அங்கங்கள் எத்தனை உள்ளன என்பதை மட்டும் அந்த நாட்களில் கணக்கெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 2003 செப்டெம்பர் 11 அன்று அமெரிக்க நடிகர் ஜோன் ரிட்டர் பெருநாடிக் கிழிவால் திடீரென இறந்தபோது, அவர் தந்தையாக நடித்துவந்த 'எய்ட் சிம்பிள் ரூல்ஸ்' தொடரின் புதிய பருவத்தில் மூன்று அங்கங்கள் முடிந்த நிலையில் இருந்தன. அவற்றை ஒளிபரப்பிய பின்னர் தொடரை நிறுத்திவைத்தார்கள். நவம்பர் 4 அன்று, அந்தத் தந்தை கடைக்குப் போன இடத்தில் விழுந்து இறந்துவிட்ட செய்தியோடு திரும்பிவந்தார்கள். அந்த இடைவெளி பிரதியாளருக்கு அவகாசம் தந்ததைப் போலவே பார்வையாளருக்கும் தந்தது. வாராவாரம் ஒளிபரப்பாக வேண்டும் என்ற நெருக்குதல் இருந்தாலும், பழைய அங்கங்களை மறுஒளிபரப்புச் செய்து மூன்று நான்கு வாரங்களைக் கடத்துவது எந்த நிலையத்தாலும் முடியாத காரியம் அல்ல.

இந்த அவகாசத்தில் செய்ய வேண்டிய பயிற்சி ஒன்று உண்டு. பழைய பிரதிகளில் பத்துப் பன்னிரண்டை எடுத்து, போனவரின் வசனங்களை மட்டும் பென்சிலால் அடித்துவிட்டு மற்றவற்றைச் சத்தமாக வாசியுங்கள். சில காட்சிகள் அவரில்லாமலும் நிற்கும். சில காட்சிகள் அப்படியே விழுந்துவிடும். எந்த இடத்தில் விழுகின்றன என்று பார்த்தால், சிரிப்பில் அவர் செய்துவந்த வேலை எது என்பது தெரியும். அவர் கோபக்காரர், கஞ்சர், வெகுளி என்பவை குணங்கள். மற்றவர் சொன்னதைப் பிழையாக விளங்கிக்கொண்டு அடுத்தவருக்குக் கடத்துபவர், வாக்குவாதம் முற்றும்போது வேறு கதை எடுத்து எல்லோரையும் அடக்குபவர், ஒருவரும் கேட்கத் துணியாததைக் கேட்பவர் என்பவையே வேலைகள். குணத்தை இழந்தாலும் தொடர் தாங்கும். வேலையை இழந்தால், யாராவது அதை எடுத்துச் செய்யும் வரை ஒவ்வொரு காட்சியிலும் ஒரு பள்ளம் தெரிந்துகொண்டேயிருக்கும்.

இதற்கு நான் எப்போதும் காட்டும் எடுத்துக்காட்டு, பொஸ்டன் நகரத்து மதுக்கடை ஒன்றைக் களமாகக் கொண்டு 1982 முதல் 1993 வரை ஓடிய 'சியர்ஸ்' தொடர். அதில் 'கோச்' என்ற வெகுளிக் கிழவராக நடித்த நிக்கலஸ் கொலசான்டோ 1985 பெப்ரவரியில், மூன்றாம் பருவம் நடந்துகொண்டிருக்கும்போதே மாரடைப்பால் இறந்தார். சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டு குழம்புவது அவருடைய வேலை. அடுத்த பருவத்தின் தொடக்கத்தில் வூடி என்ற கிராமத்து இளைஞன் கடைக்குள் வருகிறான். அவன் வந்தது கோச்சைப் பார்க்க. இருவரும் பேனா நண்பர்களாம். கடிதம் எழுதி அல்ல, ஒருவருக்கொருவர் பேனாக்களையே அனுப்பிக்கொண்டவர்களாம். கோச் செத்துப்போனதை அவனுக்குச் சொல்லும் சாக்கில் பார்வையாளருக்கும் சொல்லியாயிற்று. அந்த ஒரு பேனா நகைச்சுவையில், இனி வெகுளித்தனத்துக்குப் பொறுப்பாளி யார் என்பதையும் சொல்லியாயிற்று. வேலை கைமாறியது, உறவு மாறவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். உறவைத் திட்டமிட்டே மாற்றினார்கள். கடைக்காரன் சாமுக்குக் கோச் தகப்பனைப் போன்றவர். வூடியோ தம்பியைப் போன்றவன். அதே வயதில், அதே சாயலில் இன்னொரு கிழவரைக் கொண்டுவந்திருந்தால், பார்வையாளர் ஒவ்வொரு வாரமும் இருவரையும் ஒப்பிட்டுக்கொண்டே இருந்திருப்பார்கள்.

நம்முடைய மரபில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. 1970களில் இலங்கை வானொலியில் ஒலிபரப்பான 'கோமாளிகளின் கும்மாளம்' நாடகத்தை நினைத்துப் பாருங்கள். எஸ். ராமதாஸின் மரிக்கார், ரி. ராஜகோபாலின் அப்புக்குட்டி, உபாலி செல்வசேகரனின் உபாலி, பி. எச். அப்துல் ஹமீதின் ஐயர் என நால்வரும் நான்கு பேச்சுவழக்குகள். மரிக்காரின் முஸ்லிம் தமிழை எடுத்துவிட்டால் போவது ஓர் ஆள் மட்டும் அல்ல. அப்புக்குட்டியின் யாழ்ப்பாணத் தமிழ் மோதுவதற்கு எதிரே ஒன்றுமில்லாமற் போய்விடும். கொழும்பில் எழுதும் எவருடைய தொடரிலும் இப்படி ஒரு வழக்குக்கு ஓர் ஆள் என்ற ஏற்பாடு தெரிந்தோ தெரியாமலோ இருக்கும். ஆகவே மலையகத் தமிழ் பேசிய பாத்திரம் போய்விட்டால், அந்தப் பேச்சை வேறு வயதில், வேறு தொழிலில், முடிந்தால் பெண் பாத்திரம் ஒன்றில் கொண்டுவாருங்கள். பேச்சு திரும்பிவரட்டும், ஆள் திரும்பிவர வேண்டாம்.

இவருக்குப் பதில் இவர்

தமிழ்த் தொலைக்காட்சிக்குப் பழகிப்போன வழி, திரையின் கீழே ஒரு வரியைப் போட்டுவிட்டு வேறு நடிகரை அதே பாத்திரத்தில் நிறுத்துவது. அதை முற்றாக ஒதுக்க வேண்டியதில்லை. சன் தொலைக்காட்சியின் 'எதிர்நீச்சல்' தொடரில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டெம்பர் 8 அன்று மாரடைப்பால் காலமானபோது, அந்த இடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். கதை முழுவதும் அந்த ஒருவரின் அதிகாரத்தை எதிர்த்தே ஓடிக்கொண்டிருந்ததால், அவரைச் சாகடித்தால் கதையே முடிந்துவிடும். ஆகவே வேறு வழி இருக்கவில்லை. ஆனால் அது குடும்பக் கதை. நகைச்சுவையில் ஒரு பாத்திரம் என்பது பெரும்பாலும் நடிகரின் உடம்பும் குரலும் தாளமுமே என்பதால், ஆளை மாற்றினால் வசனம் மிஞ்சும், சிரிப்பு மிஞ்சாது. 'தாரக் மேத்தா கா உல்டா சஷ்மா' என்ற இந்தித் தொடரில் டொக்டர் ஹாத்தியாக நடித்த கவி குமார் ஆசாத் 2018 ஜூலையில் இறந்த பின்னர் நிர்மல் சோனி அந்தப் பாத்திரத்தை ஏற்றது ஓரளவு ஒத்துப்போனது என்றால், தொடரின் ஆரம்ப காலத்தில் அதே பாத்திரத்தில் நடித்திருந்தவர் அவர் என்பதும் அதற்கு ஒரு காரணம். அப்படிப்பட்ட வாய்ப்பு எல்லோருக்கும் அமையாது.

வானொலியில் எழுதுவோருக்கு ஒரு தனி எச்சரிக்கை. குரலை அச்சொட்டாகப் போலிசெய்யும் கலைஞர்கள் நம்மிடம் தாராளமாக இருக்கிறார்கள். இப்போது கணினியே அதைச் செய்து தருகிறது. குடும்பத்தாரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் அதைத் தொடவே கூடாது; சம்மதம் இருந்தாலும் நான் செய்யமாட்டேன். இறந்த மனிதரின் குரல் புதிய நகைச்சுவை ஒன்றைச் சொல்வதைக் கேட்கும் நேயருக்குச் சிரிப்பு வராது. அமெரிக்கக் கேலிச்சித்திரத் தொடரான 'த சிம்ப்சன்ஸ்' இந்த விடயத்தில் நல்ல முன்மாதிரி. ஆசிரியை எட்னாவுக்குக் குரல் கொடுத்த மார்சியா வாலஸ் 2013 ஒக்டோபரில் இறந்தபோது, சித்திரத்துக்கு வேறு குரல் கொடுப்பது எவ்வளவோ எளிதாக இருந்தும், அந்தப் பாத்திரத்தையே ஓய்வுபெறச் செய்தார்கள்.

உயிரோடிருப்பவரை அனுப்புவது

நடிகர் குடிபெயர்ந்துவிட்டார் என்றால், பாத்திரமும் குடிபெயர்வதே இயல்பு; கொழும்புத் தமிழ்க் குடும்பத்தில் அதற்கு விளக்கமே தேவையில்லை. அந்த எளிமையில்தான் ஆபத்து இருக்கிறது. வெளிநாடு போனவர் உயிரோடிருக்கிறார். ஆகவே பார்வையாளர் அவர் வருவார் என்று காத்திருப்பார்கள். மேலே சொன்ன இந்தித் தொடரில் தயாபென்னாக நடித்த திஷா வகானி 2017இல் மகப்பேற்று விடுப்பில் போனார். பாத்திரம் தாய்வீட்டுக்குப் போனதாகக் கதை. ஆண்டுகள் பல கடந்தும் அந்தக் காத்திருப்பு தீரவில்லை. திரும்பிவரும் எண்ணம் நடிகருக்கு இல்லையென்றால், பயணத்தை விடுமுறை போல எழுதாதீர்கள். வீட்டை விற்றார், சாமானைக் கொடுத்தார், சாவியை யாரிடமோ ஒப்படைத்தார் என்று மூன்று செயல்களைக் காட்டிவிட்டால், ஒருவரும் திகதி கேட்கமாட்டார்கள்.

வழியனுப்பும் காட்சிக்கு நடிகரே கிடைக்கவில்லை என்றால், கிடைக்காததையே கதையாக்கலாம். கொரியப் போர்க்கள மருத்துவமனை ஒன்றைப் பற்றிய 'மாஷ்' தொடரில் ட்ராப்பராக நடித்த வெய்ன் ரொஜர்ஸ் மூன்றாம் பருவத்தோடு விலகிவிட்டார். நான்காம் பருவத்தின் தொடக்கத்தில், விடுப்பு முடிந்து திரும்பும் நண்பன் ஹோக்காய்க்கு ட்ராப்பர் ஊருக்குப் புறப்பட்டுவிட்டான் என்ற செய்தி கிடைக்கிறது. விமானத்தளத்துக்கு விழுந்தடித்து ஓடுகிறான். சில நிமிடங்களில் தவறவிடுகிறான். அங்கே அப்போதுதான் வந்திறங்கிய புதிய வைத்தியரைச் சந்திக்கிறான். கட்டுநாயக்கவுக்குப் போகும் வழியில் பேலியகொடையில் வாகன நெரிசலில் மாட்டிக்கொள்ளும் குடும்பத்தை வைத்து இதே காட்சியை நாம் எழுதினால், சிரிப்புக்கும் குறைவிராது, வலிக்கும் குறைவிராது.

சண்டையிட்டுப் போனவரைச் சாகடிப்பது வேறு கதை. 'டூ அண்ட் எ ஹாஃப் மென்' தொடரிலிருந்து சார்லி ஷீன் 2011இல் நீக்கப்பட்டதும், அவருடைய பாத்திரம் பாரிஸில் ரயில் மோதிச் செத்ததாக அறிவித்து, இறுதிச் சடங்கையே கிண்டலாக்கினார்கள். 2018இல் ரோசேன் பார் நீக்கப்பட்டபோது, அவருடைய தொடரை 'த கொனர்ஸ்' என்ற பெயரில் தொடர்ந்தவர்கள், அவருடைய பாத்திரம் வலிநிவாரணி மாத்திரைகளை அளவுக்கு மிஞ்சி எடுத்ததால் இறந்தது என்று எழுதி, குடும்பத்தின் துக்கத்தை மெய்யாகவே நடத்திக்காட்டினார்கள். இரண்டிலும் நடிகரோடு நிறுவனத்துக்குப் பிணக்கு இருந்தது. இரண்டாவதில் அந்தப் பிணக்கைப் பாத்திரத்தின் மீது காட்டவில்லை. பாத்திரத்தை நேசித்த பார்வையாளர் உங்கள் சம்பளப் பிணக்கில் ஒரு கட்சி அல்லர் என்பதை மறக்க வேண்டாம்.

இங்கே இன்னொரு நடைமுறைச் சங்கடமும் உண்டு. உயிரோடிருக்கும் நடிகரின் படத்துக்கு மாலை போட்டுச் சுவரில் மாட்டுவதை நம்மவர் பலர் அபசகுனமாகவே கொள்வர். அவருடைய வீட்டார் நிச்சயமாகக் கொள்வர். அவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். சம்மதியாவிட்டால் படத்தைக் காட்டாமலே எழுதுங்கள். படமின்றி எழுதப்பட்ட காட்சி பெரும்பாலும் மேலானதாகவே இருக்கும்.

செய்தியைச் சொல்லும் காட்சி

இங்கேதான் பிரதியாளரின் கை தெரியும். ஆகவே சற்று நின்று பார்ப்போம்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, பார்வையாளருக்கு என்ன தெரியும் என்பது. நடிகர் உண்மையிலேயே இறந்திருந்தால், அங்கம் ஒளிபரப்பாகும் முன்னரே முகநூலில் எல்லோரும் அஞ்சலி எழுதி முடித்திருப்பார்கள். அப்போது கதையில் அதிர்ச்சி வைக்க முயல்வது வீண். தமக்குத் தெரிந்ததை அந்த வீட்டார் எப்படி அறியப்போகிறார்கள் என்றுதான் பார்வையாளர் பார்த்துக்கொண்டிருப்பர். நடிகர் உயிரோடு விலகுகிறார், கதை மட்டும் அவரைக் கொல்கிறது என்றால் நிலைமை தலைகீழ்; அங்கே ஒருவரும் எதிர்பாராத செய்தி உங்கள் கையில் இருக்கிறது.

அந்த இரண்டாவது வகையில் இன்றுவரை பேசப்படுவது, 'மாஷ்' தொடரில் 1975 மார்ச் 18 அன்று ஒளிபரப்பான அங்கம். கேணல் ஹென்றி பிளேக் வீடு திரும்புகிறார்; எல்லோரும் சிரித்துக் கையசைத்து அனுப்புகிறார்கள். பின்னர் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள் எழுத்தர் ரேடார் வந்து, அவர் போன விமானம் ஜப்பான் கடல்மீது சுட்டு வீழ்த்தப்பட்டது, தப்பியவர் எவருமில்லை என்று சொல்கிறான். அந்தக் கடைசிப் பக்கத்தை மற்றக் காட்சிகள் எடுத்து முடியும் வரை நடிகர்களில் பெரும்பாலோருக்குக் கொடுக்கவே இல்லை. செய்தியைக் கேட்டும் வைத்தியர்களின் கைகள் நிற்கவில்லை, நிற்கவும் முடியாது. ஒரு கருவி தவறித் தரையில் விழும் ஓசை மட்டும் கேட்கிறது. பார்வையாளர் பலர் கோபங்கொண்டு கடிதம் எழுதினார்கள். போரைப் பற்றிய தொடர் என்பதால் அந்தக் கோபத்தை அது தாங்கியது. வெள்ளவத்தைத் தொடர்மாடிக் குடும்பம் ஒன்றின் மாமியார் மருமகள் கதைக்கு அந்த அளவு அதிர்ச்சி பொருந்தாது. ஆனால் அந்தக் கைகளை எடுத்துக்கொள்ளலாம்: செய்தியைக் கேட்பவர்கள், இடையில் நிறுத்த முடியாத ஒரு வேலையின் நடுவில் இருக்க வேண்டும். அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கட்டும். பிள்ளைக்குத் தலை பின்னிக்கொண்டிருக்கட்டும். சோபாவில் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சொல்லப்படும் செய்தியில் அழுவதைத் தவிர நடிகருக்குச் செய்ய எதுவும் இருக்காது.

ஓர் எடுத்துக்காட்டை எழுதியே பார்ப்போம். கொட்டாஞ்சேனையில் ஒரு தொடர்மாடி. மூன்றாம் மாடியில் பெரியம்மா என்ற பாத்திரம். காலையில் மீன்காரர் கூவினால், கயிற்றில் கூடையை இறக்கி, மேலிருந்தபடியே பேரம் பேசி, மீன் பழசு என்று ஏசி, கடைசியில் வாங்கிவிடுவது அவருடைய வழக்கமான நகைச்சுவை. நடிகை காலமாகிவிட்டார். மீன்காரர் ஒரு மாதம் சிலாபத்தில் ஊரோடு இருந்துவிட்டு, ஒன்றும் தெரியாமல் திரும்பிவருகிறார். கீழே நின்று "பெரியம்மா, சாளை வந்திருக்கு, கூடையை இறக்குங்கோ!" என்று கூவுகிறார். ஒவ்வொரு யன்னலிலும் ஒரு தலை தெரிகிறது. மூன்று மாடிக்குக் கீழே நிற்பவரிடம் அந்தச் செய்தியைக் கத்திச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. மருமகள் என்ன செய்வதென்று தெரியாமல் கூடையை இறக்குகிறாள். அவர் மீனைப் போட்டுவிட்டு அண்ணாந்து பார்த்துக் காத்திருக்கிறார், பிறகு, "என்ன, இண்டைக்கு ஏச்சு ஒண்டும் இல்லையா?" என்கிறார். அவ்வளவுதான் வசனம். பக்கத்து வீட்டு ஐயா செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கத் தொடங்கும்போது காட்சியை வெட்டிவிடலாம். அவர் கீழே போய்ச் சொல்வதைக் காட்ட வேண்டியதில்லை.

இந்தக் காட்சியில் மரணத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பெரியம்மாவின் வழக்கமான நகைச்சுவையே, அவர் இல்லாமல் ஒருமுறை நடந்து காட்டுகிறது. கூடை முன்னைய அங்கங்களில் இருந்திருக்க வேண்டும் என்பது இன்றியமையாதது. நெஞ்சைத் தொடுவதற்காகப் புதிதாக ஒரு பொருளை உண்டாக்கினால் பார்வையாளர் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். 'ஆர்ச்சி பங்கர்ஸ் பிளேஸ்' தொடரில் ஆர்ச்சியின் மனைவி ஈடித் இறந்த பின்னர் ஒளிபரப்பான 1980 நவம்பர் அங்கத்தில், மனைவியின் காலணி ஒன்றைக் கட்டிலடியில் கண்டெடுத்த பிறகுதான், அதுவரை வாய்வீச்சு வீசிக்கொண்டிருந்த ஆர்ச்சி உடைகிறார். ஒரு சோடி அல்ல, ஒற்றைக் காலணி.

நடிகரின் மெய்யான மரணக் காரணத்தைக் கதைக்குள் கொண்டுவரத் தேவையில்லை. 'நியூஸ்ரேடியோ' தொடரின் பில் ஹார்ட்மன் 1998 மே மாதத்தில் கொலையுண்டார். தொடரில் அவருடைய பாத்திரம் மாரடைப்பால் இறந்ததாகவே எழுதினார்கள். குடும்பத்துக்குச் செய்யும் மரியாதை அது.

வீட்டில் சிறு பிள்ளைகள் பார்க்கும் தொடர் என்றால், 'செசமி ஸ்ட்ரீட்' சிறுவர் நிகழ்ச்சியிடம் கற்றுக்கொள்ளுங்கள். கடைக்காரர் ஹூப்பராக நடித்த வில் லீ 1982 டிசம்பரில் இறந்தார். அவர் தூங்குகிறார், பயணம் போயிருக்கிறார் என்றெல்லாம் சொன்னால் பிள்ளைகள் தூக்கத்துக்கும் பயணத்துக்கும் அஞ்சுவர் என்பதால், செத்தவர் திரும்பிவரமாட்டார் என்பதை நேராகவே சொன்னார்கள். பெரியவர்கள் வீட்டில் இருப்பார்கள் என்று, 1983 நவம்பரில் விடுமுறையான நன்றிகூறல் நாளன்று ஒளிபரப்பினார்கள். நமக்கு ஒரு போயா விடுமுறை நாள் போதும்.

சாவீட்டில் சிரிப்பு

இறுதிச் சடங்கைக் காட்டலாமா என்று கேட்டால், காட்டலாம், ஆனால் முறையைத் தெரிந்துகொண்டு காட்டுங்கள் என்பேன். கொழும்பில் ஒரே தொடர்மாடியில் நான்கு மதத்தவர் இருப்பார்கள். முஸ்லிம் பாத்திரத்தின் ஜனாஸா பெரும்பாலும் அன்றைக்கே அடக்கப்பட்டுவிடும். உறவினர் வந்து சேரும்வரை இரண்டு நாள் காத்திருப்பதாகக் கதை கட்டினால் முதல் நிமிடத்திலேயே சாயம் வெளுத்துவிடும். இந்துக் குடும்பத்துக்கு முப்பத்தோராம் நாள் வரை கதை நீளலாம். பௌத்தக் குடும்பத்தில் ஏழாம் நாள் தானமும் மூன்று மாதத் தானமும் உண்டு. மூன்று மாதங்களுக்குப் பின் அந்தத் தானத்துக்காகப் பழைய பாத்திரங்கள் எல்லோரும் கூடும் ஓர் அங்கம், முதல் வார அழுகையைவிட நல்ல வாய்ப்பு. ஒழுங்கையில் கட்டிய வெள்ளைக் கொடி, வாடகைக் கதிரை, நடுச்சாமத்தில் காட்ஸ் விளையாட்டு, பிளேன்டீயோடு வரும் பிஸ்கட் என்று இதற்குள் கிடக்கும் நகைச்சுவையைத் தேடிப்போக வேண்டியதே இல்லை.

விதி ஒன்றே: ஏதாவது ஒன்று பிழையாகப் போகட்டும், ஆனால் சிரிப்பு செத்தவர் மீது விழக் கூடாது. பிரித்தானியாவின் 'ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹோர்சஸ்' தொடரில் தாத்தாவாக நடித்த லெனார்ட் பியர்ஸ் 1984 டிசம்பரில் இறந்தார். பிரதியாளர் ஜோன் சலிவன் 1985 பெப்ரவரியில் அந்தத் தாத்தாவுக்கு இறுதிச் சடங்கு எழுதினார். பேரன்மார் தாத்தாவுடையது என்று எண்ணித் தொப்பி ஒன்றைக் குழிக்குள் போட்டு வணங்குகிறார்கள்; பிறகு பார்த்தால் மதகுரு தன் தொப்பியைத் தேடுகிறார். துக்கமும் கெடவில்லை, தொடரும் தன் குணத்தை இழக்கவில்லை. அதே அங்கத்தில் தாத்தாவின் தம்பி அல்பேர்ட் சாவீட்டுக்கு வருகிறார். வந்தவர் திரும்பிப் போகவே இல்லை. சாவீட்டுக்கு வந்த உறவினர் அங்கேயே தங்கிவிடும் கதை நம் வீடுகளுக்குப் புதியதா என்ன? தாத்தா வீட்டைவிட்டு அசையாதவர். அல்பேர்ட்டோ எந்நேரமும் கடற்படைக் கதை சொல்பவர். கிழவர் என்ற இடத்தில் கிழவர்தான் வந்தார், ஆனால் அவரால் சலித்துக்கொள்வதற்குப் பேரன்மாருக்குப் புதிய காரணம் கிடைத்தது.

அடுத்த வாரங்கள்

துக்க அங்கத்துக்கு அடுத்தது, தண்ணீர்க் கட்டணத்தைப் பற்றியதாகவோ கல்யாணச் சாப்பாட்டைப் பற்றியதாகவோ, முற்றிலும் சாதாரணமானதாக இருக்கட்டும். அதில் போனவரின் பெயர் ஓரிடத்தில், வேறு எதையோ பேசும்போது, தற்செயலாக வந்துபோனால் போதும். ஒவ்வொரு வாரமும் படத்தின் முன் நின்று பெருமூச்சு விடும் பாத்திரம் இரண்டு மாதத்தில் பார்வையாளருக்குப் பாரமாகிவிடும். அவருடைய பெயரையே சொல்லாமல் விட்டுவிடுவதும் பிழைதான். குடும்பமே கூடி மறைக்கிறது என்ற எண்ணம் வரும். அடித்தளம் ஆள் அல்ல, இடம் என்றிருக்கும் தொடர்களுக்கு இது எளிது. சுயாதீன தொலைக்காட்சியில் 1987இல் தொடங்கிப் பல தசாப்தங்களாக ஓடிய 'கோப்பி கடே' சிங்களத் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள்; ஆட்கள் மாறினாலும் அந்தக் கடை நிற்கிறது, கடை நிற்கும்வரை யாராவது வந்து உட்காருவார்கள்.

யூடியூபில் வெளியிடுவோர் இன்னும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். துக்க அங்கத்தின் முகப்புப் படத்தில் அழும் முகத்தைப் பெரிதாக்கிச் சிவப்பு எழுத்தில் தலைப்பிடாதீர்கள். அந்த அங்கத்தின் விளம்பர வருமானத்தை என்ன செய்வதென்று வெளியிடும் முன்னரே தீர்மானியுங்கள். பழைய அங்கங்களில் போனவர் தம் சாவைப் பற்றிச் சொன்ன நகைச்சுவைத் துணுக்குகள் இருந்தால், அவற்றை வெட்டிக் குறுங்காணொளியாக உலவவிட்டிருக்கிறீர்களா என்று பார்த்து, கொஞ்ச காலத்துக்கு இறக்கிவையுங்கள். அங்கத்தையே அழிக்க வேண்டாம்; அது அவருடைய உழைப்பு.

கடைசியாகத் தலைப்புப் பாடல். அதில் அவருடைய முகம் வரும் இடத்தை அந்தப் பருவம் முடியும்வரை அப்படியே விட்டுவைத்து, புதிய பருவத்துக்குப் பாடல் முழுவதையும் மீண்டும் படம்பிடியுங்கள். ஒரே ஒரு துண்டை வெட்டி அந்த இடத்தில் புதியவரின் முகத்தை ஒட்டினால், அந்த இசைக்குப் பழகிய பார்வையாளர் அனைவருக்கும் அந்த இடத்தில் பழைய முகமே தெரியும். புதிய நடிகருக்குத் தொடக்கத்திலேயே அந்தச் சுமையை ஏற்றிவைக்க வேண்டாம்.